தம்பி பேசாத அத்தியாயம்

ரிட்டயர்டு ஆன பிறகு என்ன செய்வது என்று பேசச் சொன்னீர்கள். அறிவுரை சொல்ல எனக்கு வராது. அதற்குப் பதிலாக ஒரு மனிதரைப் பற்றிச் சின்னதாக ஒரு கதை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்... சரிதானே?

பெயர் தணிகாசலம். சோளிங்கர்க்காரர். பார்க்காத வேலை இல்லை. இளவயதில் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தார். பிறகு சர்க்கஸில் கூடாரம் கட்டினார். சரக்குக் கப்பலில் சமைத்தார். கடைசியாக விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றார். ஊருக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் மனைவி கோமளவல்லியிடம் சொன்னார். "நான் நாவல் எழுதப் போறேன்."

அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "தாராளமா எழுதுங்க. நாள் முழுக்க என் சமையல்ல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு அது தேவலை."

எழுதினார். சர்க்கஸ் வந்தது, கப்பல் வந்தது, பேனா ஓடியது. ஆனால் எந்த ஒரு காட்சிக்காக அவர் நாவலே எழுத உட்கார்ந்தாரோ... அது மட்டும் எழுந்து நிற்கவில்லை. எழுதுவார், கிழிப்பார். எழுதுவார், கிழிப்பார்.

என்ன காட்சி? அவருக்கு நடந்ததுதான். அப்பா இறந்துவிட்டார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன். தணிகாசலம்தான் மூத்தவர். விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலேறி ஓடி வருகிறார். வந்து பார்த்தால், வாசலில் பந்தல் மட்டும் நிற்கிறது. தம்பி சிகாமணி மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நிற்கிறான். கொள்ளியை அவனே வைத்துவிட்டான்.

"நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதாடா உன்னால?" ஊர் பார்க்கக் கத்தினார். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு எத்தனையோ கல்யாணங்கள்... அண்ணன் முதல் பந்தி என்றால் தம்பி அடுத்த பந்தி.

அந்த அத்தியாயத்தைக் கோமளவல்லி படித்தார்.

"என்னங்க இது? பக்கம் பக்கமா நீங்களே திட்டறீங்க. சிகாமணி வாயே திறக்கலையே?"

"அன்னிக்கும் அவன் திறக்கலை."

"நீங்க எங்க திறக்க விட்டீங்க?"

தணிகாசலம் காகிதங்களை எடுத்து அடுக்கினார்.

"சரி, அவர் மனசுல என்ன இருந்திருக்கும்னு யோசிச்சு எழுதுங்க."

"யோசிச்சுட்டேன் கோமளா... எனக்குத் தெரியலை."

பாருங்கள். கப்பல் கேப்டன் என்ன நினைப்பான் என்று எழுதத் தெரிகிறது. சர்க்கஸ் கோமாளி என்ன நினைப்பான் என்று எழுதத் தெரிகிறது. ஒரே பாயில் படுத்து வளர்ந்த தம்பி என்ன நினைத்தான்... தெரியவில்லை! அந்த அத்தியாயம் இல்லாமல் நாவல் இல்லை. அதை எழுத வேண்டுமானால் தம்பி வீட்டுப் படியேற வேண்டும்.

ஏறினார். அரக்கோணத்தில் வீடு. கதவைத் திறந்தது சிகாமணியேதான்.

"சண்டைக்கு வரலை. ஒரு நாவல் எழுதறேன். அதுக்காக..."

"தெரியும். அதுல நான் வில்லனாமே?"

"யாரு சொன்னது?"

"அண்ணிதான்."

"கோமளாவா? அவ உங்கிட்ட பேசறாளா?"

"நீதானே பேசறதில்லை! எனக்கு வழுக்கைன்னு வேற எழுதியிருக்கியாம்?"

"இருக்கேடா..."

"இப்ப இருக்கு. அன்னிக்கு அது மொட்டை!"

"சரி, அந்த வரியை அடிச்சுடறேன். நீ சொல்லு. ஏன்டா காத்திருக்கலை? பெரியவங்க அவசரப்படுத்தினாங்களா? இருட்டிடும்னு பயந்தியா?"

நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "ஆமாண்ணா, அவங்கதான்..." என்று நழுவியிருப்போம். சிகாமணி நழுவவில்லை.

"யாரும் அவசரப்படுத்தலைணா. பெரியவன் வரட்டும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான்தான் தூக்குங்கன்னேன்."

"ஏன்டா?"

"அப்பா படுத்ததுலேர்ந்து மூத்திரத் துணி மாத்தினது நான். கஞ்சி ஊட்டினது நான். முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது நான். அப்பவும் வாசலையே பார்ப்பாரு. 'பெரியவன் வந்துட்டானா'ன்னு கேட்பாரு. யார்கிட்ட? பக்கத்துல நிக்கற என்கிட்ட! கடைசி வேலைக்கும் நீயே வந்துட்டா... அப்புறம் நான் அவருக்கு யாருணா?"

தணிகாசலம் கையில் பேனா இருந்தது. எழுதவில்லை. அதை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டுச் சொன்னார்.

"நியாயமாப் பார்த்தா, நான் முன்னாடியே வந்திருந்தாலும் கொள்ளியை உன் கையிலதான் குடுத்திருக்கணும்."

"குடுத்திருப்பியா?"

"...மாட்டேன்."

முதலில் சிரித்தது சிகாமணிதான். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். பரிமாறியது சிகாமணியின் மனைவி.

நாவல் வெளிவந்தது. அந்தப் பந்தல் காட்சியில் இப்போது தம்பிதான் பேசுகிறான். அண்ணன் பெட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

நண்பர்களே... உங்களை நாவல் எழுதச் சொல்லவில்லை. எழுதினால் சந்தோஷம். ஆனால் எழுதாவிட்டாலும் ஆளுக்கொரு கதையை மனதில் வைத்திருக்கிறோம். கதாநாயகன் யார்? நாம்தான்! நமக்குத் துரோகம் செய்தவர் ஒருவரும் அதில் இருப்பார். கூடப் பிறந்தவராக இருக்கலாம், சம்பந்தியாக இருக்கலாம், பக்கத்து சீட்டில் வேலை பார்த்தவராக இருக்கலாம். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் நாமே எழுதி முடித்துவிட்டோம். அவரைக் கேட்டோமா? வேலையில் இருந்தவரை ஷிப்டு, டிரான்ஸ்பர், லீவு இல்லை என்று சாக்கு இருந்தது. இப்போது என்ன சாக்கு?

போய்க் கேளுங்கள். தப்பு உங்கள் மேல்தான் என்று அவர் சொல்லலாம். சொல்லட்டும். கூடவே வேறொன்றும் கிடைக்கலாம். அப்பா கடைசி வரை வாசலைப் பார்த்துத் தன்னைத்தான் தேடினார் என்பது தணிகாசலத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்ல, அவர் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்த அந்த ஒருவனை விட்டால்... இந்த உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்?