டப்பாவுக்கு ஓய்வு

— தொடாதீங்க லிசி மேடம்! முறைப்படி முதல்ல ஒரு போட்டோ எடுக்கணும்.

— எதை எடுக்கப் போறீங்க மாதவன் சார்? மதகுச் செவுத்தையா? இன்னும் செங்கல்லயே உருவல.

— 'ஓய்வுக்கு முன்', 'ஓய்வுக்குப் பின்'னு ரெண்டு படம். நான் சும்மா வந்து நிக்கிற ஆளில்ல. திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரப் புதையல் தேடுவோர் பேரவையோட தலைமை ஒருங்கிணைப்பாளர். கழுத்துல கார்டு பாருங்க.

— வந்ததுலேருந்து அதைத்தான் பாக்குறேன். யார் குடுத்தாங்க?

— நானே அச்சடிச்சேன்.

— பேரவைல எத்தனை பேரு?

— என்னையும் சேத்து மூணு. ஒருத்தர் இப்ப துபாய்ல இருக்காரு.

— ஒரு பிளாஸ்டிக் டப்பாவ ஒளிச்சு வெச்சு, எடத்த செல்போன்ல போட்டு, ஊர்ல உள்ளவங்கள வந்து தேடிக் கண்டுபிடிச்சு உள்ள இருக்கிற நோட்டுல கையெழுத்துப் போடச் சொல்றது. இதுக்கு ஒரு பேரவை.

— உலகம் பூரா ஆடுறாங்க மேடம். ஜியோகேஷிங். இந்தக் கொள்ளிடக் கரையில முதல் டப்பா வெச்சது உங்க வீட்டுக்காரர் ஜெபராஜ்தான். அதை முறைப்படிதானே வழியனுப்பணும்? ஜூன்ல நான் வந்து பாத்தேன். நோட்டு நனைஞ்சு கூழாக் கெடந்துச்சு. பென்சில் காணோம். இணையதளத்துல அவர் பக்கத்துல குறிப்பு எழுதினேன், 'வெச்சவர் முப்பது நாளுக்குள்ள சரிபண்ணணும்'னு. பதில் இல்ல. ஆர்கைவ் பண்ணிட்டாங்க.

— ஏழு வருஷமா காணாமப்போன மனுஷனுக்கு முப்பது நாள் கெடு குடுத்திருக்கீங்க.

— சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். அப்புறம்தானே பொன்மலையில விசாரிச்சு உங்களுக்கு போன் பண்ணேன்.

— கெடக்கட்டும். ஆர்கைவ்னா என்ன செய்வாங்க?

— பக்கம் அங்கேயே இருக்கும். யார் வேணா எங்கேருந்து வேணா வாசிக்கலாம். ஆனா ஆட்டத்துல இல்ல. டப்பாவ எடுத்துடணும். அப்படியே விட்டா அது குப்பை.

— கோர்ட்டும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. ஏழு வருஷம் தகவல் இல்லன்னா இறந்ததா வெச்சுக்கலாமாம். நாளைக்குக் காலையில ஜட்ஜ் முன்னாடி நின்னு, 'என் வீட்டுக்காரர் உயிரோட இல்லன்னு நம்புறேன்'னு சொல்லணும். சொன்னாத்தான் அவரு வேலை பாத்த பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல எங்க பொண்ணு விஜயராணிக்கு வேலை கேக்க முடியும்.

— நம்புறீங்களா?

— அவரு சைக்கிள் பாலத்து மேல நின்னுச்சு சார். ஆத்துல அன்னைக்கு ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி. ஆளு கெடைக்கல. வேற எதை நம்பச் சொல்றீங்க?

— அப்ப இந்த டப்பாவ எதுக்குக் கேட்டீங்க?

— ஞாயித்துக்கிழமை கல்லறைத் தோட்டத்துல ஒரு முழம் எடம் குடுக்கிறேன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. புதைக்கத்தான் ஒண்ணுமில்ல. இதையாவது வெக்கலாம்னு. அவரு ஒளிச்சு வெச்சது. நானும் ஒருவாட்டி ஒளிச்சு வெச்சுட்டுப் போறேன்.

— முறைப்படி டப்பாவ பேரவைல ஒப்படைக்கணும். சரி விடுங்க. அதை நான் அறிக்கையில எழுதல.

— பேரவைன்னா உங்க வீட்டுப் பரண்தானே?

— பரண்தான்.

— அவரும் வீடு பூரா சாமான் சேத்து வெச்சவருதான். ஒர்க்‌ஷாப்ல மரவேலை. கை சும்மாவே இருக்காது. உருண்டைப் பென்சில் வாங்கினா ஒரு பக்கத்த தலையிலேருந்து வால் வரைக்கும் உளியால பட்டையாச் சீவிருவாரு. எங்க வெச்சாலும் உருளக் கூடாதாம். இன்னும் டிராயர் நெறையக் கெடக்கு. பென்சில் எதுவும் எங்கயும் போகல. அவருதான் போயிட்டாரு.

— ஏதாவது சண்டையா?

— சண்டைன்னு சொல்ல முடியாது. எங்க அண்ணன் குடும்பம் சாப்பிட வந்திருந்துச்சு. இந்த டப்பாவப் பத்தி ஆசையாச் சொல்லிட்டிருந்தாரு. யாரோ மலேசியாக்காரர் கண்டுபிடிச்சுக் கையெழுத்துப் போட்டாருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் அவங்கள விடச் சத்தமாச் சிரிச்சேன். 'நீங்களும் போய் அந்த டப்பாவோட ஒளிஞ்சுக்கங்க, எவனாவது வந்து கண்டுபிடிக்கட்டும்'னேன். அவரு தட்டக் கழுவிக் கவுத்தாரு. சைக்கிள எடுத்தாரு.

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். இதான் அந்தச் செங்கல்.

— போட்டோ எடுக்கணும்னீங்களே.

— வேணாம் மேடம். செங்கல்ல உருவுறேன்.

— உருவுங்க.

— இந்தா வந்துருச்சு. அட... என்ன இது?

— என்ன சார்?

— உள்ள ஒரு பொட்டு ஈரமில்ல. போன மாசம் ஆத்துல தண்ணி விட்டப்ப இந்த மதகே முழுகிக் கெடந்துச்சு. கூழா இருந்த நோட்டும் இல்ல. புது நோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்ள. நீங்க வந்து வெச்சீங்களா?

— நான் இந்த எடத்தையே இன்னைக்குத்தான் பாக்குறேன். உங்க பேரவைக்காரங்களா இருக்கும்.

— ஒருத்தர் துபாய். இன்னொருத்தருக்கு மூட்டுவலி, மாடிப்படியே ஏற மாட்டாரு.

— அப்ப தேடி வந்தவங்க யாராவது?

— கண்டுபிடிச்சவங்க கையெழுத்துப் போடாமப் போவாங்களா? அதுக்காகத்தானே வர்றதே. இதுல எல்லாப் பக்கமும் காலி.

— கையெழுத்துப் போடாம யாரு சார் வருவா?

— போடக் கூடாதவர் ஒரே ஒருத்தர்தான் மேடம். முறைப்படி... டப்பாவ வெச்சவர்.

— வேற என்ன இருக்கு உள்ள?

— ஒரு பென்சில்.

— பழசா?

— புதுசு. முனை கூட இன்னும் மழுங்கல. மேடம், இப்படி உக்காருங்க. யாராவது நல்ல மனசுக்காரங்க வெச்சிருப்பாங்க. இந்தாங்க, நீங்களே பாருங்க.

— குடுக்காதீங்க! என் கையில குடுக்காதீங்க சார். மதகுச் செவுரு சரிவாத்தானே இருக்கு?

— ஆமா, ஆத்துப் பக்கமா நல்ல சரிவு.

— அது மேல படுக்க வைங்க.

— உருண்டைப் பென்சில் மேடம், உருண்டு தண்ணியில விழுந்துரும்.

— விழட்டும். விழுந்தா நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போறேன். வைங்க.

— வெச்சுட்டேன். கைய எடுக்கவா?

— எடுங்க.

— ... எடுத்துட்டேன்.

— உருளலியே சார்.