நீல டேப்புக்குக் கீழே ஒரு விரிசல்

உட்காருமுன் நாற்காலியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு அமர்ந்த, எச்சரிக்கையே உருவான எங்கள் வயர்மேன் சங்கத் தலைவர் அவர்களே! ஏணியில் ஏறி ஏறி ஊருக்கு வெளிச்சம் தந்து, முழங்காலை மட்டும் தேய்த்துக்கொண்ட மூத்தவர்களே! ஊரெல்லாம் ஃபேன் மாட்டும் கணவனைக் கட்டிக்கொண்டு, சொந்த வீட்டு ஃபேன் ஓடாமல் ஆறு மாதமாக விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தாய்மார்கள் பக்கம் மட்டும் கைதட்டல் அதிகமாக இருக்கிறது. புரிகிறது, புரிகிறது!

நல்ல கைக்கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் அதற்குக் கொஞ்சமும் தகுதியில்லாத ஆள் நான் ஒருவன்தான். அதனால்தான் உடனே ஒப்புக்கொண்டேன்!

என் பெயர் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'டேப் மாமா' என்றால் தெரியாதவர் உண்டா? நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் கட்டிங் பிளேயர் மாறிவிடும் என்று ஆளுக்கொரு நிறத்தில் கைப்பிடியில் டேப் சுற்றுவோமே, அதில் நீலம் என்னுடையது. முதலில் அடையாளத்துக்குச் சுற்றினேன். பிறகு அழகுக்குச் சுற்றினேன். அப்புறம், சபையோரே, கைப்பிடியில் விரிசல் விட்டபோது அதை மறைக்கச் சுற்றினேன். சுற்றினேன், சுற்றினேன், பூசணிக்காயைப் பிடிப்பதுபோல் பிடிக்கும்வரை சுற்றினேன்!

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், அவரும் வயர்மேன்தான். நாற்பத்தொரு நாட்களுக்கு முன் ஒரு சலவைக்கூடத்தில் இருவருக்கும் வேலை. பையிலிருந்து புத்தம் புதுப் பிளேயரை எடுத்தார். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு அடுக்குக் கைப்பிடி. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"என்ன மச்சான், பொம்மைக் கடைக்குப் போயிருந்தீங்களா? வெச்சுட்டு என்னுதைப் பிடிங்க. இருபத்தாறு வருஷம், ராசியான கை!"

"வேணாம் மாமா, எனக்கு இதுவே போதும்."

"அட பிடிங்கன்னா! பெரியவன் சொன்னா கேக்கணும்."

பிடித்தார். மெயின் சுவிட்சை அணைத்திருந்தோம். ஆனால் அந்தக் கூடத்தில் இன்வர்ட்டர் ஒன்று இருந்ததையும், அந்த லைனுக்கு அது உயிர் கொடுத்துக்கொண்டிருந்ததையும் நான் பார்க்கவில்லை. டெஸ்டரை வைத்துப் பார்த்தேனா? அதுவும் இல்லை. தரையோ ஈரம். இரும்பு ஸ்டூல் மேல் நின்றவர் என் பிளேயரைக் கம்பியில் வைத்தார், கரண்ட் அடித்து ஒரே உதறல்! பறந்துபோய் ஈரப் படுக்கை விரிப்புகள் குவிந்திருந்த தள்ளுவண்டியில் விழுந்தார். ஆள் தெரியவில்லை, இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. எனக்கு உயிரே இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "மாமா, உங்க ராசி நல்லா வேலை செய்யுது!"

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன், அழுதுகொண்டே. அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. இரண்டு நாள் விரல்கள் மரத்துக் கிடந்தனவாம். அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் என் மனைவி, இதோ இரண்டாவது வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கிறாள், அன்று மாலை அந்த டேப்பைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். அதற்குள்ளே பளபளவென்று இரும்பு!

"இது கைப்பிடியா, இல்ல ஆஸ்பத்திரியில கட்டுப் போட்ட காலா? என் தம்பி கையில இதையா குடுத்தீங்க?"

மறுநாள் அவளே என்னைக் கடைக்கு இழுத்துப்போனாள். நான் பளபளப்பைப் பார்த்தேன், அவள் பல்லைப் பார்த்தாள்! பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டும் வாயில் ஒளி கசிந்தால் வேண்டாம். திறந்து மூடினாள், மூட்டு ஆடினால் வேண்டாம். கைப்பிடியில் கரண்ட் காப்புக்கான இரட்டை முக்கோணக் குறியும் ஆயிரம் வோல்ட் என்பதும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கிறதா, ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினாள். கடைக்காரர் நெளிந்தார். நான் பெண் பார்க்கப் போனபோது இவள் என்னை இப்படிச் சுரண்டிப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பாள்! அந்தக் கடையில் ஒன்றும் தேறவில்லை, இன்றுவரை புதுசு வாங்கவில்லை.

மச்சான் பிளேயரின் அந்த இரண்டு அடுக்கும் அலங்காரம் என்றல்லவா நினைத்தேன்? மேல் நிறம் தேய்ந்து உள் நிறம் தெரிந்தால், 'என்னை இனித் தொடாதே' என்று கருவியே கத்துகிறது. அந்த வாயைத்தான் நாம் டேப் போட்டு அடைக்கிறோம்! பழையது பழுதில்லை, ஐயா. என் பழைய பிளேயரின் எஃகு இன்றும் கம்பியை வெண்ணெயாக வெட்டும். ஆனால் வெட்டுவது எஃகு, காப்பது கைப்பிடி! நல்ல கைப்பிடி இருந்தாலும் முதலில் லைனை அணை, டெஸ்டரை வை. அந்த டெஸ்டரையும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, எரிகிறதா என்று பார்த்த பிறகே நம்பு!

மேடைக்குக் கீழே ஒரு காலித் தகர டிரம் இருக்கிறது. குப்பைக்கு அல்ல, என் கௌரவத்துக்கு. இதோ, நீல டேப் பிரித்த என் பிளேயர். இருபத்தாறு வருட ராசி...

டங்!

கேட்டதா? அடுத்து யார்? டேப் சுற்றியவர்கள் யார் யார்? பையைத் திறங்கள், டேப்பைப் பிரியுங்கள், விரிசல் இருந்தால் வீசுங்கள்! தலைவர் ஏன் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளுகிறார்? ஐயா, சிவப்பு டேப் வெளியே தெரிகிறதே! ஆகா, எழுந்துவிட்டார்... டங்! வாழ்க தலைவர்!

கதவோரம் யார் அது? என் மச்சானா? என்ன சொல்கிறீர்கள், சத்தமாகச் சொல்லுங்கள்...

"நாளைக்கு வேலைக்கு எதை எடுத்துட்டுப் போவீங்க மாமா? இந்தாங்க, பொம்மைக் கடைப் பிளேயரு. பத்திரமா திருப்பிக் குடுங்க!"

நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு, சபையோரே, பேசிவிட்டார்! கண் கலங்குகிறது. இருந்தாலும் பொறுங்கள் மச்சான்... கைப்பிடியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்!

விரிசல் இல்லை. வாங்கிக்கொண்டேன். கை இருந்தால்தானே கைதட்ட முடியும்? பத்து விரலும் பத்திரமாக இருக்கும் அனைவரும் ஒருமுறை பலமாகத் தட்டுங்கள். அந்த ஓசையே என் நன்றி. வணக்கம்!