சுரேன் பெயருக்கு நேரே ஒரு டிக்

எனக்குக் கொரோனா ஊசி வலிக்கவே இல்லை. ஈப்போவில் வரிசையில் நின்று இரண்டு தவணையையும் போட்டுக்கொண்டேன். இரண்டு முறையும் வரும் வழியில் மீன் வாங்கி வந்து குழம்பும் வைத்தேன்.

அந்த டிக்கைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா? நான்தான் போட்டேன். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று எங்கள் காப்புறுதி நிறுவனம் சொல்லிவிட்டது. சான்றிதழைப் பார்த்து டிக் போடுவது என் பொறுப்பு. எங்களோடு வேலை செய்யும் சுரேன் மட்டும் அனுப்பவில்லை. ஃபோன் செய்தான்.

"அக்கா, நான் தோட்டத்து வூட்டுலயே கெடக்குறேன், எனக்கு எதுக்குலா ஊசி? போனா அம்மாவையும் கூட்டிட்டுப் போவணும், அதுக்கு என்னைவிட பயம். சூசாலா, பெரிய தொல்லை. நீங்களே ஒரு டிக் போட்டுடுங்க."

முடியாது என்றிருந்தால், வேலை போய்விடுமே என்று அவனும் அம்மாவும் ஊசி போடப் போயிருப்பார்கள். "சரி தம்பி" என்றேன்.

அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த வருடப் பொங்கலன்று, பரிசோதனை செய்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவன், அதைச் சொல்லாமல் ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டான். என் கணவர் தனேஸ்வரனுக்கு ஆஸ்துமா. அப்போது ஊசியும் வந்திருக்கவில்லை. பதினோரு நாளில் போய்விட்டார், ஆஸ்பத்திரியில் அவர் முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. "சாரிக்கா, வெறும் சளின்னு நெனச்சேன்" என்று சுரேன் மெசேஜ் அனுப்பினான்.

அக்டோபரில் எனக்கும் தொற்று வந்தது. ஊசியின் புண்ணியத்தில் லேசான இருமல்தான். வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன், இரண்டு கோடு. மறுநாள் காலை நிறுவனம் அவனுக்குக் கொடுத்த புது மடிக்கணினியைக் காரில் வைத்துக்கொண்டு, சுங்கை சிப்புட் பக்கம், ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அவன் அம்மா மங்களம், "இம்புட்டு தூரம் வந்துட்டு சாப்புடாம போவாதம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

மூன்றாவது வாரம் அவர் இறந்தார். பொய் டிக் கேட்ட தன்னால்தான் அம்மா செத்தார் என்று சுரேன் உங்களிடம் அழுதிருக்கிறான். அழட்டும்.

ஆனால் அவனைக் கொல்லப் பார்த்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவன் உயிரோடு இருக்கவேண்டும், ஒவ்வொரு நாளும் காலி வீட்டில் கண்விழிக்கவேண்டும் என்பதில் நான் கவனமாக இருந்தேன். அவன் முன்னறையில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அடுப்படியில் அவன் அம்மா பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.