‘தள்ளி’க்குப் பிறகு

இந்த அறை ஏசியில் கடகடவென்று ஒரு சத்தம் வருகிறது, கவனித்தீர்களா இன்ஸ்பெக்டர் ஐயா? பில்டரைக் கழற்றிக் கழுவினால் போய்விடும். என் தங்கையைக் கட்டிக்கொள்ள இருந்தவன் சொல்லித் தெரிந்துகொண்டது. அவன் ஏசி மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரன், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அம்மா போன பிறகு தங்கையை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் அதைக் கேட்கவில்லை, நானும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கனவு வரும். எப்போதும் ஒரே கட்டடம். பள்ளிக்கூடம் மாதிரியும் இருக்குமாம், ஆஸ்பத்திரி மாதிரியும் இருக்குமாம். கீழ்ப்படியில் தண்ணீர் நிற்கும், இறங்கினால் கால் நனையாது. உச்சியில் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி. அம்மா நடைவழியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். கணக்கு வாத்தியார் வருவார், சில்லறை பாக்கி வைத்த கண்டக்டர் வருவார், என் கடை முதலாளிகூட வருவார். அவள் சொல்லச் சொல்ல நான் செல்போனில் பதிவு செய்துகொள்வேன். பிறகு நிதானமாகக் கேட்டு அர்த்தம் சொல்வேன்.

"நான் அங்க எந்தப் பக்கம் நிக்கிறேன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ அங்க வர்றதே இல்லண்ணா. எழுப்பி விடுறதோட உன் வேலை முடிஞ்சுது" என்று சிரித்தாள்.

எனக்கு மனசு வலித்தது. ஊரில் போகிற வருகிறவனெல்லாம் நுழைகிற இடத்தில் எனக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. அதோடு, எனக்குக் கனவே வராது. படுத்தால் கட்டை மாதிரி கிடப்பேன்.

அர்த்தம் சொல்வதில் நான் பொய் கலந்ததில்லை. முதலில் பார்த்த மாப்பிள்ளை பேச்சு நடந்தபோது, கனவில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றேன். அந்தப் பேச்சு நின்றது. அடுத்து வந்தவன் நேரத்தில் தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது. அதுவும் நின்றது. தங்கை கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு சரியாகிவிட்டாள். வீடு நிம்மதியாக இருந்தது.

மெக்கானிக் விஷயத்தில்தான் சிக்கல். அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் ஏசியைச் சரிசெய்ய வந்தவன். கனவில் அவன் ஏணிமேல் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தானாம். உயரத்தில் நிற்கிற ஆள் நிலைக்க மாட்டான் என்று எடுத்துச் சொன்னேன்.

"அவர் சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருதுண்ணா. அதுக்கு ஒரு அர்த்தமும் வேணாம்" என்றாள். கல்யாணம் முடிந்ததும் இருவரும் வேறு ஊருக்குப் போகப்போவதாக அதே மூச்சில் சொன்னாள். அன்றோடு கனவு சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

சொல்லாவிட்டால் என்ன, அவள் தூக்கத்தில் பேசுகிறவள். இரவு வேலை என்பதால் பகலில்தான் தூங்குவாள். நான் கடைக்குக் கிளம்புமுன் பழைய போன் ஒன்றைப் பதிவில் போட்டு, அவள் தலைமாட்டு அலமாரியில் துணிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் எடுத்துக் கேட்பேன். பெரும்பாலும் மூச்சுச் சத்தம்தான். ஒருநாள் அவள் பேசினாள்.

"மாடி... அவரு ஓரத்துல நிக்கிறாரு..." பிறகு தெளிவாக, "அண்ணா."

என் கண் கலங்கிவிட்டது ஐயா. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் அங்கே இருக்கிறேன். அடுத்து அவள் "தள்ளி..." என்றாள். அதோடு போனை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கேட்கத் தேவைப்படவில்லை. ஓரத்தில் ஒருவன் நிற்கிறான், அண்ணனைக் கூப்பிட்டுத் ‘தள்ளி’ என்றால் பிறகு என்ன வரும்? தள்ளி விடு. விழித்திருக்கும்போது வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தூக்கத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்காக நான் எதைச் செய்யவில்லை, இதைச் செய்யாமல் விட?

விடுமுறை நாளில் அவனுக்கு நான்தான் போன் செய்தேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிற ஏசிப் பெட்டி ஒழுகுகிறது என்றேன். ஒழுகவில்லை. அந்தப் பெட்டி இருக்கிற பக்கம் கைப்பிடிச் சுவரை இடித்து வைத்திருந்தார்கள், அது உங்களுக்கே தெரியும். அவன் உடனே வந்தான். மண்டியிட்டு உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான்.

"மச்சான், வழுக்குது. கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னபடி செய்தேன். அவன் கத்தவில்லை. "மச்சான்" என்றான், ஸ்பேனர் கேட்கிற மாதிரி. கீழே நான்கு மாடி.

தங்கை அழுதாள். அழட்டும், ஆறிவிடும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து சந்தேகமாகப் பார்த்தபோது அந்தப் போனை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். என் விருப்பத்துக்குச் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அது.

நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். கேட்டேன். ‘தள்ளி’க்குப் பிறகு அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொள்கிறாள். "தள்ளி நில்லுண்ணா" என்கிறாள். இரண்டாவது முறை பயந்த குரலில், "தள்ளி நில்லுண்ணா, பயமா இருக்கு." அது எனக்குத் தெரியாது. முழுசாகக் கேட்டிருக்க வேண்டும், அந்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கும் பிறகு, வெகு அருகில், அவள் மூச்சோடு சேர்ந்து இன்னொரு குரல் "மாட்டேன்" என்கிறதே, அது யாருடையது என்று கேட்கிறீர்கள். என் குரல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் நான் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். நான் அன்று கடையில் இல்லை என்று முதலாளி சொன்னால் அவருக்கு மறதி.

அது நான்தான் என்று நீங்கள் உறுதியாகச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான் ஐயா. கடைசியில் அந்தக் கட்டடத்துக்குள் என்னையும் விட்டிருக்கிறாள்.