சீட்டின் மூன்றாவது இடம்

சுற்றுலா வருபவர்கள் எதையும் கணக்குப் பார்த்துத்தான் செய்வார்கள், ஐயா. அதில் பிழையில்லை. வேலணையில் என் மேசைக்கு முன்னால் நின்று, எல்லா இடத்துக்கும் ஒரே நுழைவுச் சீட்டாக எடுத்தால் லாபமா, தனித்தனியாகப் போனால் லாபமா என்று கைபேசியில் தட்டிப் பார்ப்பார்கள். அப்போது இரண்டு இடங்கள்தான்: வேலணையில் என் பழம்பொருள் மண்டபம், ஊர்காவற்றுறையில் பழைய தோணிக் கொட்டில். இதற்கெல்லாம் சீட்டா என்று போய்விடுவார்கள்.

ஆகவே அனலைதீவில் மாமாவின் வீட்டையும் சேர்த்தேன். அம்பலவாணர், என் அம்மாவின் தமையன். மாத்தறையில் கடை வைத்திருந்தவர். பாரிசவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன். ஒரே மகள் பவதாரணி நோர்வேயில்.

வெறும் வீட்டை ஒருவரும் மதிக்கவில்லை. ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண், கதிரையில் இருந்த மாமாவின் கன்னத்தைத் தொட்டுப் படம் எடுத்தாள். அடுத்த கிழமை சீட்டில் அச்சடித்தேன்: ‘பழைய வீடும் அதன் கடைசி மனிதரும்.’

எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள், படம் எடுக்காமல் போகமாட்டார்கள். அவர் வாயில் பிஸ்கற் திணிப்பார்கள். சத்தி எடுத்தால் துடைப்பது நான்.

அதனால் சில ஒழுங்குகள் செய்தேன். காலையில் தண்ணீர் கொடுப்பதில்லை. ஆட்கள் வரும் நேரத்தில் வேட்டியை நனைக்கமாட்டார். விழாமல் இருக்க, இடுப்பைச் சால்வையால் கதிரையோடு கட்டினேன். முதுகுப் புண் நாறத் தொடங்கியபோது சாம்பிராணி போட்டேன். பழைய வீட்டுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. பயிற்சி கொடுத்தால் பேச்சு திரும்பும் என்று தாதி நிலாந்தி சொன்னா. அவவை இனி வரவேண்டாம் என்றேன். பேச்சு வந்தவர் என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்?

கொரோனா காலத்தில் பவதாரணி தொலைபேசி எடுத்தாள். “கோபி மச்சான், விமானம் ஓடத் தொடங்கினவுடனை அப்பாவை இஞ்சை கூப்பிடப் போறன்.”

பத்து நாள் யோசித்தேன். பிறகு நானே எடுத்து, மாமா மோசம் போய்விட்டார் என்றேன். ஒருவரும் வந்து முகம் பார்க்க முடியாத காலம் அது. அழுதாள். சாம்பலைக் கீரிமலையில் கரைக்கச் சொன்னாள். குசினி அடுப்பில் அள்ளிய சாம்பலைக் கொண்டுபோய்க் கரைத்து, படமும் அனுப்பினேன். நன்றி சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை சிநேகிதிகளோடு வந்தாள். இருபது வயதிருக்கும்.

“அங்கிள், எங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கு. இந்தச் சீட்டு எடுக்கிறது பிரயோசனமோ?”

“மூண்டாவது இடத்துக்காகவே எடுக்கலாம், பிள்ளை.”

நானே படகில் கூட்டிப்போனேன். வாசலில் அவள் நின்றுவிட்டாள். “இது அம்மப்பாவின்ர வீடு. அம்மாட்டைப் படம் இருக்கு,” என்றாள். பவதாரணியின் மகள் கம்சிகா என்று அப்போதுதான் விளங்கியது. நான் மறிக்கமுதல் உள்ளே போய், கதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டு, “அம்மப்பா?” என்றாள்.

மாமா இடக்கையைத் தூக்கினார். “தண்ணி,” என்றார். தெளிவாகவே சொன்னார்.

அந்தப் பிள்ளை சால்வையை அவிழ்த்தாள். அவர் முதுகைப் பார்த்ததும் வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். பிறகு அங்கே நின்றே பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கட்டியது நான். உயிரோடு இருந்தவரைச் செத்தார் என்றதும் நான். இப்போது அவரை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருந்தபோது ஒரு நாளைக்கு இருபது பேர் அவரைத் தேடி வந்தார்கள். அங்கே அந்தப் பிள்ளையைத் தவிர யார் வருகிறார்கள்?