தேடாமலே தொட்ட இடம்

— இன்னைக்கும் அதே கதைதாங்க. டேப்லட்ல ஆன்லைன் பாடம் நடத்திட்டு இருக்கேன், நடுவுல அந்தச் சீட்டாட்ட விளம்பரம் வந்து குதிக்குது. பல்லைக் காட்டிக்கிட்டு அரைகுறையா ஒருத்தி. அத்தனை பிள்ளைங்களும் பாத்துச்சு. அப்புறம் கிளாஸ் ஆப் தானா மூடிக்கிச்சு. உடம்பே கூசிப்போச்சு எனக்கு.

— இங்க பாரு, நம்ம செல்போன் கடையிலயே வந்து கத்தாத. வைரஸ்தான். சும்மா ரெண்டு நிமிஷ வேலை. டேபைக் குடு.

— போன மாசமும் வைரஸ்னுதான் சொன்னீங்க. என் தம்பி கண்ட கருமத்தைப் பாத்ததால வந்துச்சுன்னீங்க.

— அவனே ஒத்துக்கிட்டானே!

— ஒத்துக்கிட்டான். கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்காம துணியெல்லாம் வாசல்ல தூக்கி எறிஞ்சேன். என் மூஞ்சில முழிக்காதடான்னேன். அவன்தான் வீட்டை விட்டே போயிட்டானே, இப்ப எப்படிங்க வந்துச்சு?

— பழசு உள்ளேயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். இரு… இந்தா, எடுத்தாச்சு. இனிமே வராது.

— ஏங்க, ஸ்கிரீன்ல அந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே! படமும் இல்ல, பேரும் இல்ல. வெறும் இடத்துல அழுத்துனீங்க.

— அது அப்படித்தான் ஒளிஞ்சிருக்கும். சும்மா நோண்டாத.

— ஒளிஞ்சிருக்கறது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? தேடவே இல்லையே நீங்க. நம்ம வீட்டு லைட் சுவிட்சைப் போடற மாதிரி கை நேரா அங்க போச்சு.

— தொழில்ல இருக்கறவனுக்குத் தெரியாதா?

— என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— …இங்க பாரு. போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டி எவன் பிழைக்க முடியும்? ஒரு கம்பெனிக்காரன் இந்த ஆப்பைக் குடுத்தான். கடைக்கு வர்ற போன்ல சத்தமில்லாம ஏத்திவிட்டுட்டா, விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கும், மத்த ஆப்பெல்லாம் மூடிக்கும். வைரஸை எடுங்கன்னு அவங்களே திரும்பி வருவாங்க.

— அடச்சீ! நம்பி வர்றவங்களுக்கு நோயையும் குடுத்துட்டு மருந்தும் குடுக்கறீங்களா? வெக்கமா இல்ல?

— சும்மா பேசாத. ஊர்ல எவன் யோக்கியன்?

— ஊர் கிடக்கட்டும். பொண்டாட்டி டேப்ல எதுக்குப் போட்டீங்க?

— எப்படி ஓடுதுன்னு எதுலயாவது போட்டுப் பாக்கணும்ல. போன மாசமே எடுத்துட்டேன். இப்ப அதுலயே புதுசு ஒண்ணு வந்துச்சு, அதான் மறுபடி…

— மறுபடியுமா? கருமம், கருமம்! அப்போ என் தம்பி எதையும் பாக்கவே இல்ல?

— இல்ல.

— பாக்காதவன் ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான்தான்க்கா"ன்னான்?

— விடு. நடந்தது நடந்துபோச்சு.

— கேக்கறேன்ல! நான் அவனை அறைஞ்சப்போ பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க? ஏன் ஒத்துக்கிட்டான்?

— …அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சான். கடைக்கே வந்து சட்டையைப் பிடிச்சுட்டான். உன் அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை விட்டுப் போயிடுவாடான்னு அழுதேன். சட்டையை விட்டுட்டான். அப்புறம், "அக்கா குடும்பம் நல்லா இருக்கட்டும் மாமா, என் பேரைச் சொல்லிருங்க"ன்னான்.