கூப்பிட்டால் கேட்கிற கார்டு

என் பெயரும் விலாசமும் முகப்புத் தாளில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்து மூன்று. இயந்திரங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். முன்பு பட்டறைக்குப் போய் வேலை செய்தேன். என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, முதலாளியின் சம்மதத்தோடு வீட்டிலேயே கணினியில் வரைந்து அனுப்பி வருகிறேன். இந்தப் புகாரைக் கொடுத்திருப்பவன் என் உடன்பிறந்த தம்பி. வீட்டில் அவனை ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவோம். திருட்டுப் பழி சுமந்து இந்தக் காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் தெருமுனையில் கணினிக் கடை வைத்திருப்பவர். அவர் எதையும் திருடவில்லை. ஒரே வரியில் சொல்லி முடித்திருப்பேன், ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று அதிகாரி கேட்டதால் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் இப்போது வரைவது பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரம். அதன் ஒவ்வொரு திருகாணியும் திரையில் இருக்கும், மொத்த இயந்திரத்தையும் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தால்தான் எது எதில் இடிக்கும் என்பது தெரியும். அப்படிச் சுற்றிக் காட்டும் வேலையைக் கணினிக்குள் செய்வது கிராஃபிக்ஸ் கார்டு. என்னிடம் இருந்தது பழையது, சுற்றினால் படம் நொண்டும். இதைப் பார்த்த தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் சம்பளத்தில் பெரிய கார்டு ஒன்று வாங்கி வந்து அவனே பொருத்தினான். அதில் மூன்று விசிறி, போதாததற்கு வண்ண விளக்கு. “இதுல எந்த கேமும் ஓடும்க்கா” என்றான். “எனக்கு ஓட வேணாம்டா, சுத்தினாப் போதும்” என்றேன். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா, வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு நிறைந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஆனால் படத்தைச் சுற்ற ஆரம்பித்தால் மூன்று விசிறியும் மாவு மில் போல இரையும். என் வீட்டுக்காரருக்கு அறுவைக்குப் பின் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. கையில் ஒரு மணியைக் கொடுத்துப் பார்த்தேன், “நான் என்ன ஸ்கூல் பியூனா” என்று ஓரமாக வைத்துவிட்டார். ஒரு நாள் பகலில் உள் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார், திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு தானே எழுந்து நடந்து குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியது. “கூப்பிட்டேன்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நான் தெருமுனைக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் அலமாரியிலிருந்து எதையும் எடுத்து நீட்டவில்லை. “வீட்டுக்கு வந்து பாக்காம எதையும் சொல்ல மாட்டேன்மா” என்றார். அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முதலில் அதே கார்டின் விசிறி வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், சூடேறிப் படம் மறுபடி நொண்டியது. இது விளையாட்டுக்கென்று செய்த கார்டு, வரைபட வேலைக்கென்றே தனி ரகம் இருக்கிறது, பார்க்கத்தான் ஒல்லி என்று சொல்லி, அந்த ரகத்தில் இரண்டு கார்டுகளைப் பையிலிருந்து எடுத்தார். அதன் பிறகு என்னிடம், என் வேலையிலேயே பெரிய படத்தைத் திறந்து சுற்றச் சொன்னார். என் வீட்டுக்காரரிடம், படுத்த இடத்திலிருந்தே வழக்கம்போலக் கூப்பிடச் சொன்னார். கடைக்காரர் நடுவில் கதவோரம் நின்றுகொண்டார். கார்டு தேர்ந்தெடுக்க இப்படி ஒரு பரீட்சை உண்டென்று நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் கார்டில் என் வீட்டுக்காரர் “தண்ணி” என்றது கேட்டது, ஆனால் படம் தட்டுத் தடுமாறியது. இரண்டாவதை மாட்டிய பிறகு மொத்த இயந்திரமும் வெண்ணெயாகச் சுற்றியது, சத்தமே இல்லை. உள்ளேயிருந்து, “உன் தம்பி வந்துட்டான்” என்று மெல்லக் கேட்டது. அவன் கொடுத்த கார்டு கழற்றிக் கிடக்கிறதே என்று நான் பதறி எழுந்து வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. உள்ளே அவர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். “பாஸ்” என்றார் கடைக்காரர். அறுவைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பெரிய கார்டைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், விலை வித்தியாசத்துக்கு என் கணினியின் நினைவகத்தைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தார். முழுச் சம்மதத்தோடு நானே கொடுத்தேன். தம்பிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவன் ஆசையாகக் கொடுத்த பொருளால் அவன் மாமா விழுந்தார் என்று தெரிந்தால் துடித்துப் போவான். “என் வாயிலேருந்து வராதும்மா” என்றார் கடைக்காரர்.

இன்று காலை நான் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதற்காகப் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் இல்லாத நேரத்தில் தம்பி வந்து, மாமா தூங்குகிறார் என்று எழுப்பாமல், கணினியில் தூசி தட்டுவோம் என்று மூடியைத் திறந்திருக்கிறான். உள்ளே ஒல்லிக் கார்டு. அதன் பிறகு நேரே கடைக்கு ஓடியிருக்கிறான். அங்கே அலமாரியில் அவன் வாங்கித் தந்த பெரிய கார்டு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், என் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரரின் சட்டையைப் பிடித்து இங்கே கூட்டி வந்துவிட்டான். இங்கே எத்தனை முறை கேட்டும் அவர், “அவங்க அக்கா வரட்டும் சார்” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை என்று அதிகாரியே என்னிடம் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்குக் கொடுத்த வார்த்தைக்காகக் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார். கைப்பேசி திரும்பக் கைக்கு வந்ததும் விஷயம் தெரிந்து நான் ஓடி வந்தபோது அவர் சட்டைப்பை கிழிந்து தொங்கியது.

நான் இதையெல்லாம் சொன்ன பிறகு, தம்பி என்னைப் பார்த்து, “மாமா விழுந்தாரா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “என்கிட்ட ஏன்க்கா சொல்லல?” என்றான்.

அதன் பிறகு அதிகாரி, என் வீட்டுக்காரரிடமும் உறுதிசெய்ய வேண்டும் என்று கைப்பேசியில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். மறுமுனையில் பேசுவது தெரிந்தது, என்ன என்று புரியவில்லை. தம்பி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான். எழுத்தரும் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் கேட்டது: “அந்தக் கடைக்காரரை விட்டுடுங்க சார். அவர் வந்துட்டுப் போன அப்புறம்தான் நான் கூப்பிட்டா இவளுக்குக் கேக்குது.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “மாப்ள அங்க இருந்தா சாப்பிட வரச் சொல்லுங்க” என்றார்.

தம்பி போய்க் கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தான். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். என் கணினியில் உள்ள கார்டைச் சாட்சிப் பொருளாக எடுக்க வேண்டாம், தேவையானால் வீட்டுக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் யார் வற்புறுத்தலும் இன்றி நான் சொன்ன உண்மை. எழுத்தர் படித்துக் காட்டினார். கடைக்காரருக்கு நான் நன்றி சொன்ன வரி மட்டும் அதில் இல்லை. அதெல்லாம் வாக்குமூலத்தில் வராது என்றார். வராவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இப்போது எழுதிவிட்டார்: கடைக்காரருக்கு நன்றி.

(ஒப்பம்)